அமைதிப் பூட்டு

வாத்துகள் அசையவே இல்லை.

மேலச்செங்குளத்தின் கரைச் சேற்றில் நேசமலர் குப்புறப் படுத்திருந்தாள். முழங்கைகள் இரண்டும் புதைந்திருந்தன. கேமராவின் அடிப்பக்கம் சேற்றைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவளுக்கும் முதல் வாத்துக்கும் இடையே ஒரு கட்டில் போடும் அளவுக்குக்கூட இடம் இல்லை. இமயத்துக்கு அப்பாலிருந்து பனிமலைகளைத் தாண்டி வந்த வரித்தலை வாத்துகள். வெள்ளைத் தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்புக் கோடுகள், யாரோ விரலில் மை தொட்டு இழுத்துவிட்டதைப் போல. காட்டு வாத்துகளை இவ்வளவு பக்கத்தில் அவள் பார்த்ததில்லை. அவள் அறிந்தவரை வேறு யாரும் பார்த்ததில்லை.

வியூஃபைண்டரின் அடியில் ஒரு கோடு ஓடும். எதிரே இருக்கும் உயிரின் இதயம் நிதானமாகத் துடித்தால் கோடு பச்சை. பயந்து வேகமாகத் துடித்தால் சிவப்பு. சிவப்பு வந்துவிட்டால் ஷட்டர் திறக்காது. இன்று அந்தக் கோடு வழக்கமான இளம்பச்சையில் இல்லை. மாவிலையின் பச்சையைத் தாண்டி, ஆழமான கிணற்றுப் பாசியின் நிறத்துக்குப் போயிருந்தது.

“என்னை நம்பிட்டீங்க,” என்று அவள் உதடு அசையாமல் சொல்லிக்கொண்டாள்.

காற்று எழுந்தது. கரையோரத்துச் சம்புக் கோரையின் கதிர்கள் உடைந்து பஞ்சு பறக்கத் தொடங்கியது.

நேசமலருக்குப் பல வருடங்களாக ஒரு படத்தின் மேல் ஆசை. மற்றவர்களின் படங்களில் மரமும் மலையும் நிற்கும், பறவை அசையும். அவளுக்கு அது தலைகீழாக வேண்டும். உலகமே ஓடிக்கொண்டிருக்க, நடுவில் உயிர் மட்டும் நிற்க வேண்டும். அதற்கு ஷட்டரை நெடுநேரம் திறந்து வைக்க வேண்டும். அவ்வளவு நேரம் எந்தப் பறவையும் சிலையாக இருப்பதில்லை. மூச்சு விடும், தலையைத் திருப்பும், இறகைக் கோதும். அவள் இதுவரை எடுத்த முயற்சிகளில் எல்லாம் வாத்துகள் புகையாகக் கலைந்திருந்தன. அந்தப் படங்களையும் அவள் அழிக்கவில்லை. தோற்ற படங்களிலிருந்துதான் அடுத்த படம் பிறக்கும் என்று நம்புகிறவள் அவள்.

லென்ஸின் முகப்பில் கறுப்புக் கண்ணாடியைப் பொருத்தி ஒளியைக் குறைத்தாள். ஷட்டரை நான்கு விநாடிக்கு வைத்தாள். அழுத்தினாள்.

திரையில் படம் விழுந்தது. பறந்த பஞ்சு வெள்ளை நூல்களாக நீண்டு, படம் முழுக்கத் தறியில் பாவு நூல் விரித்தது போல இருந்தது. தண்ணீர் பாலாகத் திரண்டிருந்தது. நடுவே ஏழு வாத்துகள், ஒவ்வோர் இறகின் விளிம்பும் எண்ணிவிடலாம் என்பது போல, கல்லில் செதுக்கியவையாக நின்றன.

அவள் சேற்றிலேயே முகத்தைப் புதைத்துச் சிரித்தாள்.

“அக்கா, இங்க வாங்க. வந்து பாருங்க,” என்று முப்பிடாதியின் வீட்டு வாசலில் சேறு காயாமல் வந்து நின்று கூப்பிட்டாள்.

முப்பிடாதி கருப்பட்டிக் காப்பியை ஆற்றிக்கொண்டே வந்தாள். அவள்தான் ஊராட்சித் தலைவி. படமெடுக்க இந்த ஊருக்கு எத்தனையோ பேர் வருகிறார்கள். அவள் வீட்டு அடுப்படி வரைக்கும் வந்து உட்காரும் உரிமை நேசமலர் ஒருத்திக்குத்தான்.

“ஏ யம்மா! என்னட்டி இது? தறிக்குள்ள வாத்து வந்து உக்காந்த மாதிரில்லா இருக்கு.”

“நாலு செகண்டு, அக்கா. நாலு செகண்டும் ஒன்னுகூட அசையல.”

“ஒனக்கு முன்னால எதுதான் அசையும்? மண்ணுல பொரண்டு மண்ணாவே ஆயிட்ட. மொகத்தக் கழுவுட்டி மொதல்ல. எருமை வந்து உக்காந்துருக்குன்னு எங்க வீட்டாளு வைக்கோல் அள்ளிப் போட்டுருவாரு.”

வாசலில் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. சங்கரபாண்டி. ஒரு பேருந்து விபத்தில் வலது காலை இழந்தவர். தென்னந்தோப்புக்குப் போகும் வழியில் தினமும் இந்த வாசலில் ஒரு நிமிடம் நின்று மூச்சு வாங்குவார்.

“என்ன தலைவரம்மா, பஸ் ஸ்டாண்டு போர்டுல இன்னைக்கு ஊரு ரொம்பப் பச்சையா இருக்கு? அவ்வளவு பச்சைய நான் கண்டதே இல்ல. பாசி புடிச்சுப் போச்சா?”

“ஒங்க நாக்குல புடிச்சிருக்கு பாசி,” என்றாள் முப்பிடாதி. “காப்பி குடிக்கேளா?”

“குடிக்கலாம். சுத்து வழியா நடக்கணும்லா, தெம்பு வேணும்.”

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். முப்பிடாதி சிரிக்காமல் உள்ளே போனாள்.

அமைதிப் பூட்டு வந்து பத்து வருடங்களுக்கு மேல் ஆகிறது. அதற்கு முன்பு, கூட்டைப் படமெடுக்க மறைக்கும் கிளைகளை வெட்டியவர்கள் இருந்தார்கள். கூட்டமாகப் பறக்க வைக்கக் கல்லெறிந்தார்கள். குஞ்சை எடுத்து வெயிலில் வைத்துத் தாயை வரவழைத்தார்கள். அதையெல்லாம் நிறுத்தச் சட்டம் வந்தது. விற்கும் ஒவ்வொரு கேமராவிலும், கைபேசியிலும், காட்டுயிரின் இதயத்துடிப்பைத் தொலைவிலிருந்தே அளக்கும் சின்னக் கருவி இருக்க வேண்டும். பயந்த உயிரைப் படமெடுக்க முடியாது. சட்டம் நல்ல சட்டம் என்பதில் நேசமலருக்கு இன்றுவரை சந்தேகம் வந்ததில்லை.

ஆனால் எந்தச் சட்டமும் தன் வழியில் மட்டும் போய் நின்றுவிடுவதில்லை. புத்தகங்களில் சிறுத்தைகள் எல்லாம் தூங்கின. விரட்டுக்குத் தப்பி ஓடும் மானின் புதிய படம் உலகில் எங்கும் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் பறவை வரைந்தால் சிறகை மடித்து உட்கார்ந்த பறவையைத்தான் வரைந்தார்கள். ஒவ்வொரு சரணாலயத்துக்கும் அமைதி மதிப்பெண் வந்தது. அது அந்தந்த ஊர்ப் பேருந்து நிலையப் போர்டில் நிறமாக ஒளிர்ந்தது. மேலச்செங்குளம் அதில் முதலிடம். அதற்குக் காரணம் பூட்டு அல்ல, பூட்டுக்கு வெகுகாலம் முந்தைய வழக்கம். இந்த ஊரில் தீபாவளிக்கு வெடி கிடையாது. கல்யாண மேளம் ஊர் எல்லையோடு நின்றுவிடும். அம்மன் கொடைக்குக்கூட உறுமி கிடையாது. பறவைகள் ஊருக்கு வந்த பிள்ளைகள் என்று அம்மனிடம் யாரோ எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தார்கள். வாக்கு மதிப்பெண்ணாக மாறியபோது கூடவே இன்னொன்றும் வந்தது. சங்கரபாண்டி குளக்கரையில் நடந்தால் ஊன்றுகோலின் டக் டக் சத்தத்துக்கு வாத்துகளின் கோடு சிவந்தது. ஊர் கூடி, மிகவும் மரியாதையாக, அவரைச் சுற்றுவழியில் போகச் சொன்னது.

நேசமலர் படத்தை ஜமீலாவுக்கு அனுப்பினாள். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த காலத்திலிருந்து அவளுடைய எல்லாப் படத்துக்கும் முதல் பார்வை ஜமீலாவுடையது. இப்போது அவள் பாளையங்கோட்டையில் கால்நடை மருத்துவர்.

“கண்காட்சிக்கு இதத்தான் அனுப்பப் போறேன், அக்கா,” என்றாள் நேசமலர், காப்பித் தம்ளரை உருட்டிக்கொண்டே. “இன்னைக்குச் சாயங்காலம் கடைசி. ‘நம்பிக்கை’ன்னு பேரு வைக்கப் போறேன்.”

கைபேசி ஒலித்தது. ஜமீலா.

“ஏ மலரு, இந்தப் படம் எப்ப எடுத்தது?”

“காலைல. எப்படி இருக்கு?”

“இன்னைக்குக் காலைலயா? இன்னைக்கா?”

“ஆமா. ஏன்டி, நல்லால்லியா?”

“படம் நல்லாத்தான் இருக்கு. எடது ஓரத்துல ரெண்டு வாத்து. அதுக கழுத்தப் பாரு.”

நேசமலர் படத்தைப் பெரிதாக்கினாள். “தூங்குது.”

“வாத்து எப்படித் தூங்கும், மலரு?”

நேசமலர் மறுபடி படத்தைப் பார்த்தாள். தூங்கும் வாத்து கழுத்தைத் திருப்பித் தலையை முதுகிறகில் செருகிக்கொள்ளும். அப்படிப்பட்ட படம் அவளிடமே நூறு இருக்கும். இந்த இரண்டு வாத்துகளின் கழுத்தும் முன்னால் நீண்டு, அலகு தண்ணீரில் கிடந்தது. மற்ற ஐந்தின் கண்களும் பாதி மூடியிருந்தன. இது அவளுக்குத் தெரியாத விஷயம் இல்லை. சேற்றில் படுத்திருந்தபோதும் தெரிந்ததுதான். ஆனால் கோடு பச்சை என்று சொன்னது. அவள் கோட்டை நம்பினாள்.

“கோடு எப்படி இருந்துச்சு?” என்றாள் ஜமீலா.

“ரொம்பப் பச்சை. இதுவரைக்கும் பாக்காத பச்சை.”

“துடிப்பு கூடுனா செவப்பு. கொறைஞ்சா? ஒரு அளவுக்குக் கீழ போனா என்ன செய்யணும்னு அந்தக் கருவிக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. அது அமைதின்னுதான் நெனைக்கும். ஒன்னய மாதிரியே.” மறுமுனையில் வண்டிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. “நான் கெளம்பிட்டேன். கரையில யாரையும் தண்ணியத் தொட விடாத.”

ஜமீலா வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. பங்குனிச் சூட்டில் குளம் பாதியாகச் சுருங்கி, மடைப்பக்கத்துத் தண்ணீர் வெந்நீராக நின்றது. அவள் முழங்கால்வரை உறை மாட்டிக்கொண்டு இறங்கி, சேற்றையும் தண்ணீரையும் குப்பிகளில் எடுத்துத் தன் பெட்டிக் கருவியில் வைத்தாள். கரையில் ஊரே நின்றது. யாரும் பேசவில்லை. பேசாமல் நிற்பது இந்த ஊருக்குப் பழக்கம்.

“நெனச்சதுதான்,” என்றாள் ஜமீலா கரையேறி. “தண்ணி சூடாகி அடிச்சேறு அழுகியிருக்கு. அதுல உண்டாகுற விஷம். அலகால சேத்தக் கிண்டுனா உள்ள போயிரும். மனுசருக்குத் தொட்டா ஒன்னும் ஆகாது. மொதல்ல கால் விழும், பொறவு கழுத்து, பொறவு மூச்சு. இந்த ஓரத்துல கெடக்குறதுகளத் தூக்கி நல்ல தண்ணி குடுத்தா பாதிக்கு மேல பொழைக்கும். நடுக்குளத்துல இருக்குற கூட்டத்துக்கு இன்னும் ஒன்னும் ஆகல. ஆனா தண்ணி வத்த வத்த அதுகளும் இங்கனதான் மேய வரும். இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள அதுக வேற குளத்துக்குப் போயிரணும்.”

“போகணும்னா?” என்றாள் முப்பிடாதி.

“வெரட்டணும்.”

கரை முழுவதும் ஒரு முணுமுணுப்பு ஓடியது. முப்பிடாதி சேலை முந்தானையை இடுப்பில் செருகினாள்.

“டாக்டரம்மா, நீங்க படிச்சவுக. ஆனா இது எந்த ஊருன்னு தெரியாமப் பேசுதீக. எங்க ஊர்ல சாமியே சத்தமில்லாமத்தான் ஆடும். பொறந்த புள்ளைக்கு மொதல்ல சொல்லிக் குடுக்குறதே மெதுவாப் பேசத்தான். எங்க மாமியா செத்தப்பகூட நாங்க வாயப் பொத்திக்கிட்டு அழுதோம். வெரட்டணுமாம்ல.”

“வெரட்டலேன்னா நாளைக்கு எல்லாம் செத்து மெதக்கும்.”

“மெஷினு சொல்லுது நல்லா இருக்குன்னு. போர்டுல முழுசாப் பச்சை.”

“அக்கா,” என்றாள் நேசமலர். “அந்தப் பச்சைதான் நோய்.”

முப்பிடாதி அவளைப் பார்த்தாள். பின் தண்ணீரில் இறங்கினாள். பறவைகள் இருக்கும் காலத்தில் இந்த ஊர்க்காரர் யாரும் குளத்தில் கால் வைப்பதில்லை. அவள் முதல் வாத்தின் அருகே குனிந்து, கைகளை அதன் அடியில் கொடுத்துத் தூக்கினாள். அது பறக்கவில்லை. கொத்தவில்லை. அவள் முகத்தில் சின்னப் பிள்ளையின் வியப்பு வந்தது. பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பறவையை முதல் முறையாகக் கையில் ஏந்துகிறாள்.

“தூக்க விடுதே,” என்றாள். “எந்தாயி, என்னமா தூக்க விடுது பாரு.”

அப்போது வாத்தின் கழுத்து அவள் முழங்கையின் மேல் மெல்லச் சரிந்து, நனைந்த துணியைப் போலத் தொங்கியது. அவள் அதை மறு கையால் நிமிர்த்திப் பார்த்தாள். மறுபடி சரிந்தது.

முப்பிடாதி கரையை நோக்கித் திரும்பினாள். அந்தக் குளத்தின் மேல் அதுவரை யாரும் கேட்டிராத குரல் அவளிடமிருந்து கிளம்பியது.

“என்னலே பாத்துக்கிட்டு நிக்கிய! தட்ட எடுங்கலே! தகரத்த எடுங்க! அம்மன் என்னயக் கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கிடுதேன்!”

ஊர்க்காரர்கள் சத்தம் போடுவது எப்படி என்று தெரியாதவர்களைப் போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூட்டத்தின் பின்னாலிருந்து சங்கரபாண்டி முன்னே வந்தார்.

“ஆக, இன்னைக்கு நான் நேர் வழியா நடக்கலாமா, தலைவரம்மா?”

“ஓடவே செய்யுங்க, அண்ணாச்சி!”

அவர் கரையின் கல்பாவிய பகுதியில் ஏறி, ஊன்றுகோலை ஓங்கி ஓங்கித் தட்டிக்கொண்டு நடந்தார். அதுதான் தொடக்கம். பிறகு தட்டுகள், குடங்கள், தகர டின்கள், பள்ளிக்கூட மணி. யாரோ ஒருத்தி குலவையிட்டாள். பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பேர் பைக்கில் சரவெடி கொண்டுவந்தார்கள். கொளுத்தத் தெரியாமல் இளவட்டங்கள் திரியையே பார்த்துக்கொண்டு நிற்க, ஒரு தாத்தாவே வந்து கொளுத்தினார்.

கூட்டம் எழுந்தது. நேசமலர் அண்ணாந்து பார்த்தாள். நூற்றுக்கணக்கான சிறகுகள் ஒரே வீச்சில் விரிந்து, சூரியனை மறைத்துத் திரும்பின. குளத்தை ஒரு சுற்றுச் சுற்றின. பிறகு, அதே நடுக்குளத்தில், அதே இடத்தில், மெதுவாக வந்து இறங்கின.

மறுபடி வெடி. மறுபடி ஒரு சுற்று. மறுபடி இறங்கின. மூன்றாவது முறை பாதி வாத்துகள் எழவே இல்லை.

“பதறுது, ஆனா பயந்து ஓடிப்போகணும்னு அதுகளுக்கு மறந்துபோச்சு,” என்றாள் ஜமீலா. “இத்தன வருசமா இந்தக் குளத்துல கெட்டதே நடக்கலேல்லா. சத்தம் என்னத்தச் செய்யும்? மழைக்கு இடி இடிக்கிற மாதிரி நெனைச்சுக்கிடுது.”

“அப்ப என்ன செய்ய?” என்றாள் முப்பிடாதி.

“ஒன்னப் புடிக்கணும். நல்லா இருக்குற ஒன்னப் புடிச்சுக் கதற வைக்கணும். அதோட குரலு மத்ததுக்குப் புரியும். கூட்டத்துக்குள்ள போயி ஒருத்தர் அதைச் செய்யணும். ஆனா அதுக யாரக் கிட்ட விடும்?”

கேட்டுவிட்டுத்தான் ஜமீலாவுக்குப் பதில் தெரிந்தது. அவள் நேசமலரின் முகத்தைப் பார்க்காமல் உறையைக் கழற்றத் தொடங்கினாள்.

“வேற யாரும் வேண்டாம்,” என்றாள் நேசமலர். “நான் போறேன்.”

“மலரு, யோசிச்சுக்கோ. வாத்து மொகத்த மறக்காது. நடையக்கூட மறக்காது. குஞ்சுகளுக்கும் காட்டிக் குடுக்கும். இதுக்கப்புறம் இந்தக் கூட்டம் இருக்குற தெசையில ஒன் ஷட்டர் தெறக்காது. என்னைக்குமே.”

“தெரியும்.”

“பத்து வருசமா சேத்துல கெடந்து சம்பாதிச்சது.”

“அதைத்தான செலவழிக்கப் போறேன்? வேற எதுக்குச் சேத்து வச்சேன்?”

அவள் கேமராவை எப்போதும் போல மார்பில் மாட்டிக்கொண்டாள். அவற்றுக்குத் தெரிந்த உருவம் அதுதான். எல்லோரையும் சத்தத்தை நிறுத்தச் சொன்னாள். குளம் மறுபடியும் அடங்கியதும், எப்போதும் போல, அடிக்கு ஒருமுறை நின்று, தோளைத் தாழ்த்தி, பக்கவாட்டில் பார்த்தபடி தண்ணீரில் நடந்தாள். இடுப்பளவு வந்தது. வாத்துகள் அவளைப் பார்த்தன. முன்னால் இருந்தது லேசாகக் குரல் கொடுத்தது. அது எச்சரிக்கை இல்லை. தெரிந்தவர் வரும்போது கொடுக்கும் குரல். கூட்டம் விலகி அவளுக்கு வழிவிட்டது. சில நொடிகளில் அவள் நடுவில் நின்றாள். சுற்றிலும் வரித்தலைகள். வெயிலில் சாம்பல் நிற இறகுகள் வெள்ளியாக மினுங்கின. இங்கே நின்று அவள் எடுத்திருக்கக்கூடிய படங்கள் ஒவ்வொன்றாக அவள் கண்முன் வந்தன. தண்ணீரில் நெளியும் கழுத்துகளின் பிம்பம். ஒரு கண்ணும் அதனுள் முழுக் குளமும். அவள் கேமராவைத் தொடவில்லை.

கை நீட்டி, மிக அருகில் இருந்த வாத்தின் இரண்டு சிறகுகளையும் சேர்த்துப் பிடித்தாள்.

முதலில் அது சும்மா இருந்தது. அவள் என்ன செய்கிறாள் என்று அதற்குப் புரியவில்லை. அவள் இறுக்கினாள். தண்ணீரிலிருந்து மேலே இழுத்துத் தலைகீழாகத் திருப்பினாள். தொண்டை கிழியக் கத்தினாள். அப்போது வாத்து அலறியது. அவளுடைய உள்ளங்கையில் அதன் இதயம் மோதியது. இத்தனை வருடங்களாக ஒரு கோடாக மட்டுமே அவள் பார்த்திருந்த அது இப்போது கையை உதைத்துக்கொண்டிருந்தது. துடிப்புகளுக்கு நடுவே இடைவெளியே இல்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கத்தினாள்.

குளம் முழுவதும் ஒரே சமயத்தில் கிழிந்தது போல இருந்தது.

கையிலிருந்ததை வானை நோக்கி விட்டாள். அது அவள் முகத்தில் சிறகால் அறைந்துவிட்டு மேலேறியது. மற்றவை ஏற்கனவே போய்விட்டிருந்தன. இம்முறை சுற்றவில்லை. திரும்பவில்லை. தெற்கே, நல்ல தண்ணீர் நிற்கும் பொன்னாக்குளத்தின் திசையில், ஒன்றின் குரலை ஒன்று முந்திக்கொண்டு, ஒரு நீண்ட கோணல் வரிசையாகப் போய், பனைகளுக்கு அப்பால் மறைந்தன.

நேசமலர் கலங்கிய தண்ணீரில் நின்றிருந்தாள். மூக்கிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. கரையிலிருந்து யாரும் கை தட்டவில்லை. முப்பிடாதி தண்ணீருக்குள் நடந்து வந்து, முந்தானையால் அவள் மூக்கைத் துடைத்தாள்.

“சொத்துத் தகராறுல சொக்காரன் அடிச்ச மாதிரில்லா அடிச்சிட்டுது,” என்றாள்.

“அடிக்கட்டும்,” என்றாள் நேசமலர். அப்புறம்தான் அழுதாள்.

ஓரத்தில் கிடந்தவற்றைப் பள்ளிக்கூடக் கூடத்தில் ஈரச் சாக்கு விரித்துப் படுக்க வைத்தார்கள். ஊர்ப் பெண்கள் முறை வைத்துச் சின்னக் குழாயால் நல்ல தண்ணீர் ஊட்டினார்கள். பாதிக்கு மேல் பிழைத்தன. இடது ஓரத்து இரண்டும் பிழைக்கவில்லை.

படத்தை அன்று மாலையே கண்காட்சிக்கு அனுப்பினாள். ‘நம்பிக்கை’ என்ற பெயரை எடுத்துவிட்டு, ‘இவை தூங்கவில்லை’ என்று வைத்தாள். நடுவர்கள் அதை முதலில் வெகுவாகப் புகழ்ந்தார்கள். விளக்கம் கேட்டார்கள். விளக்கத்தைப் படித்த பிறகு சுவரிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் படத்தோடு பதிவான துடிப்புக் கணக்கு, பூட்டைச் செய்பவர்களிடம் எப்படியோ போய்ச் சேர்ந்தது. அடுத்த வருடக் கேமராக்களில் ஒரு புதிய நிறம் வந்தது. துடிப்பு ஓர் அளவுக்குக் கீழே போனால் கோடு நீலமாகும், உடனே உதவி எண்ணுக்குச் செய்தி போகும். இப்போது படமெடுப்பவர்கள் நீலத்துக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள்.

மேலச்செங்குளம் மதிப்பெண் பட்டியலில் கீழே போனது. பேருந்து நிலையத்துப் போர்டை ஊர்க்காரர்களே கழற்றிவிட்டார்கள். தீபாவளிக்கு அங்கே இப்போதும் வெடி கிடையாது.

மார்கழியில் வாத்துகள் திரும்பி வந்தன. நேசமலர் கரைக்குப் போனாள். கரையின் முதல் பனையருகே, வாத்துகள் புள்ளிகளாகத் தெரியும் தொலைவிலேயே, கோடு சிவந்துவிட்டது. பக்கத்தில் நின்ற வெளியூர்க்காரரின் கேமராவில் அதே வாத்துகள் பச்சை. அவர் நெருங்கி நடந்தார். பச்சை. அவள் ஓர் அடி வைத்தாள். கூட்டத்தின் தலைகள் எல்லாம் அவள் பக்கம் நிமிர்ந்தன.

“என்ன தங்கச்சி, நம்ம கட்சிக்கு வந்துட்டியா?” என்று சங்கரபாண்டி கேட்டார். அவர் கரையில் நேர் வழியாக நடந்துகொண்டிருந்தார். இப்போது அவரை யாரும் தடுப்பதில்லை. வாத்துகளும் அவருக்குப் பழகிவிட்டிருந்தன.

“கட்சியில எத்தன பேரு, அண்ணாச்சி?”

“ரெண்டு பேருதான். நானும் விலகிட்டேன்னு வச்சுக்கோ. இனி தலைவரும் நீ, தொண்டரும் நீ.”

அவள் சிரித்தாள். அந்தக் குளிர்காலம் முழுவதும் வேறு இடங்களில் வேறு உயிர்களைப் படமெடுத்தாள். நல்ல படங்கள். மேலச்செங்குளத்தின் பக்கம் அவள் வரவில்லை.

பங்குனியில் முப்பிடாதி கூப்பிட்டாள்.

“எங்கட்டி இருக்க? டாக்டரம்மா தண்ணியப் பாத்துட்டாக. சூடு ஏறுதாம். சேறு கெடுறதுக்குள்ள வாத்தக் கெளப்பிரணும்னு சொல்லுதாக.”

“நீங்கதான் இப்ப நல்லா சத்தம் போடுவியளே, அக்கா.”

“போட்டுப் பாத்தாச்சு. வெடியும் போட்டாச்சு. ஒரு சுத்துச் சுத்திட்டு வந்து உக்காந்துக்கிட்டு எங்களையே பாக்குது, அடுத்து என்னன்னு. ஒன்னக் கண்டாத்தான் ஊரக் காலி பண்ணும். ஒரு நடை வந்துட்டுப் போட்டி. வர்றப்ப மூஞ்சக் கழுவாம வா, நல்லா அடையாளம் தெரியட்டும்.”

நேசமலர் போனாள். யாரையும் கத்த வேண்டாம் என்றாள். எதையும் கையில் எடுத்துக்கொள்ளவில்லை. கேமராவை மார்பில் மாட்டிக்கொண்டு, தோளைத் தாழ்த்தி, அடிக்கு ஒருமுறை நின்று, வற்றி வெளுத்த குளத்துத் தரையில் இறங்கி நடந்தாள்.

அவ்வளவுதான். அவளைக் கண்டதும் ஒரு வாத்து குரல் கொடுத்தது. அடுத்த கணம் கூட்டம் முழுவதும் எழுந்தது. தலைக்கு மேலே வானம் சிறகுகளால் அடைத்துக்கொண்டது. பழக்கத்தில் கேமராவை மேலே தூக்கினாள். சிவப்பு. கருவி இறுகப் பூட்டியிருந்தது. அதன் கடமை அது. அவள் கேமராவைத் தாழ்த்தினாள்.

தாழ்ந்த லென்ஸுக்கு எதிரே தரை இருந்தது. வெடித்த சேற்றின் வெள்ளைப் பாளங்களின் மேல் நூற்றுக்கணக்கான நிழல்கள் ஓடிக்கொண்டிருந்தன. வெடிப்புகளில் இறங்கி, ஏறி, ஒன்றன் மேல் ஒன்று கலந்து, பிரிந்து, அவளுடைய கால்களின் மேல் வழிந்து போயின. வியூஃபைண்டரில் பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. கோடே இல்லை. கருவி அங்கே எந்த இதயத்தையும் காணவில்லை.

ஷட்டரைச் சற்றே மெதுவாக்கி அழுத்தினாள். திறந்தது. மறுபடி அழுத்தினாள். நிழல்களோடு சேர்ந்து திரும்பி, சேற்றில் வழுக்கி, மண்டியிட்டு, கடைசி நிழல் அவளைக் கடந்து கரையேறும்வரை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

முப்பிடாதி மூச்சு வாங்க வந்து, அவள் தோளுக்கு மேலாக எட்டித் திரையைப் பார்த்தாள். வெள்ளைத் தரை. அதன் வெடிப்புகள் ஒவ்வொன்றும் கூர்மையாக. அவற்றின் குறுக்கே, மையைக் கரைத்து வீசியது போல, ஒரே திசையில் பாயும் கருமை.

“நல்லா இருக்கு,” என்றாள் முப்பிடாதி. கண்ணைச் சுருக்கி இன்னும் நெருங்கிப் பார்த்தாள். “ஆனா இதுல வாத்து எங்கட்டி?”

நேசமலர் முழங்காலில் ஒட்டிய சேற்றைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

“இந்நேரம் பொன்னாக்குளத்துல எறங்கியிருக்கும், அக்கா.”